குளிர் நாட்டில் வெப்பமண்டலத் தோட்டம்: வாழையா, பனையா, மரப்பெரணியா?

லண்டன் புறநகர் வீடுகளின் பின்புறம் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் இருக்கும்: நீள்சதுரப் புல்தரை, மூன்று பக்கமும் மரவேலி, ஒரு மூலையில் சாமான் கொட்டகை. அந்த இடத்தில் அகன்ற இலைகளும் அடர்ந்த நிழலுமாக ஒரு வெப்பமண்டலத் தோற்றத்தை உண்டாக்க விரும்புகிறவருக்கு இன்று செடிகள் கிடைப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் செடியோடு வரும் அட்டையில் ஜூலை மாதத்துப் படம்தான் அச்சிடப்பட்டிருக்கும். ஜனவரியில் அதே செடி எப்படி இருக்கும் என்பதை எந்தக் கடையும் அச்சிடுவதில்லை. இத்தகைய தோட்டத்துக்கு உள்ள வழிகளை ஒப்பிடும்போது கோடையை அளவுகோலாக எடுத்துக்கொண்டால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். நவம்பரில் எவ்வளவு வேலை வைக்கும், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சன்னல் வழியே என்ன தெரியும் என்ற இரண்டு கேள்விகளே வேறுபாட்டைக் காட்டும். எனவே இங்கே செடிகளை அவற்றின் குளிர்காலத்தைக் கொண்டு எடைபோடுகிறேன்.

முதலில் தட்பவெப்பம். லண்டன் ஏறத்தாழ 51.5 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. கனடாவின் கால்கரி நகரமும் கிட்டத்தட்ட அதே அட்சரேகையில்தான் உள்ளது. ஆயினும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வரும் மேற்குக் காற்றும் வெப்ப நீரோட்டமும் பிரிட்டனின் குளிர்காலத்தை மிதப்படுத்துவதால், லண்டனில் ஜனவரிப் பகல் ஏறக்குறைய 8 டிகிரி செல்சியசாகவும், இரவு சராசரியாக 2 அல்லது 3 டிகிரியாகவும் இருக்கும். உறைபனி விழும் இரவுகள் உண்டு; அவை கால்கரியைப் போல மாதக்கணக்கில் நீள்வதில்லை. குளிரைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று வெளிச்சம்: டிசம்பர் இறுதியில் பகல் 8 மணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை, ஜூன் மாதத்திலோ அது பதினாறரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. மற்றொன்று ஈரம்: செடி வளர்ச்சியை நிறுத்தியிருக்கும் மாதங்களில் மழை விடாமல் பெய்ய, லண்டனின் களிமண் அந்த நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெளியில் இறந்துபோகும் கிழங்குகளில் பெரும்பாலானவை உறைந்து இறப்பதைவிட அழுகி இறப்பதே அதிகம் என்பது என் கணிப்பு.

பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி செடிகளின் குளிர்தாங்கும் திறனை எச்1 முதல் எச்7 வரை வகைப்படுத்துகிறது. எச்2 என்றால் 1 முதல் 5 டிகிரி வரை மட்டுமே தாங்கும். எச்3 என்றால் மைனஸ் 5 வரை. எச்4 மைனஸ் 10 வரை. எச்5 மைனஸ் 15 வரை. இந்த எண்கள் பயனுள்ளவைதான் என்றாலும் அவற்றை மட்டுமே நம்பி முடிவெடுக்க முடியாது. மூசா பஸ்ஜூ என்னும் குளிர்தாங்கு வாழைக்கு எச்2 என்ற மதிப்பே தரப்பட்டுள்ளது. ஆனால் தெற்கு இங்கிலாந்தில் அது ஆண்டுக்கணக்கில் திறந்த மண்ணிலேயே கிடந்து, ஒவ்வொரு கோடையிலும் மீண்டும் முளைத்துவருகிறது. இலையும் தண்டும் இறக்கும் வெப்பநிலை வேறு, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு இறக்கும் வெப்பநிலை வேறு. எண்ணைப் படிக்கும்போது அது செடியின் எந்தப் பகுதிக்கானது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வழிகளில் மிகப் பழையது, குளிர்தாங்காத செடிகளைக் கோடைக்கு மட்டும் வெளியே நட்டு, இலையுதிர்காலத்தில் பெயர்த்து உள்ளே கொண்டுபோவது. லண்டனின் பாட்டர்சி பூங்காவில் 1860களில் ஜான் கிப்சன் என்ற தோட்டக்கலைஞர் உருவாக்கிய பகுதி இம்முறைக்குப் பொதுமக்களிடையே பெரும் பெயர் தேடித்தந்தது. அன்றைய பூங்காக்களில் வண்ணவண்ணப் பூப்பாத்திகளே வழக்கமாக இருக்க, அவர் இலைகளின் வடிவத்தைக் கொண்டே காட்சியை அமைத்தார். விக்டோரியா காலத்துப் பெரிய தோட்டங்களில் கண்ணாடி இல்லங்களும் அவற்றைச் சூடாக்க நிலக்கரியும் ஏவலுக்கு ஆட்களும் இருந்தனர் என்பதை மறந்துவிட்டு இந்த வழியை இன்று எடைபோட முடியாது. இவ்வகையின் அரசி, எத்தியோப்பியாவில் உணவுப்பயிராக வளர்க்கப்படும் என்செட் வாழையின் செந்நிற ரகமான மவுரெலி. ஆகஸ்டில் அதன் கருஞ்சிவப்பு இலைகளுக்குப் பின்னால் மாலைச் சூரியன் இறங்கும்போது கிடைக்கும் நிறத்துக்கு ஈடாகக் குளிர்தாங்கும் செடி எதுவும் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது சாதாரணமாகப் பக்கக்கன்று விடாது. உறைபனியில் குருத்து அழுகினால் செடியே போய்விடும். அக்டோபரில் இலைகளைக் கழித்து, வேரோடு தோண்டி, நீரை வடியவிட்டு, உறைபனி புகாத ஓரிடத்தில் ஏறக்குறைய உலர்ந்த நிலையில் ஏப்ரல் வரை வைத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு வளர்ந்த செடியைத் தூக்க இருவர் வேண்டும். கண்ணாடி இல்லமோ குளிர்ந்த வெளிச்சமான அறையோ இல்லாதவர்கள் இதைத் தோட்டத்தின் அடிப்படையாகக் கொள்ளக்கூடாது. ஒரே ஒரு தொட்டியில் விருந்தாளியாக வைத்துக்கொள்ளலாம்.

இதே வழியில் மலிவான ஒரு கிளை உண்டு: விதையிலிருந்து ஓராண்டுச் செடியாக வளர்ப்பது. நம் ஊர்த் தரிசுகளிலும் வேலியோரங்களிலும் தானாக முளைக்கும் ஆமணக்கை இங்கிலாந்தில் அழகுச் செடியாக மார்ச் மாதத்தில் வீட்டுக்குள் விதைத்து, உறைபனி நின்ற பிறகு வெளியே நடுகிறார்கள். ஒரே கோடையில் ஆள் உயரத்துக்கு வந்து, நவம்பரில் கருகி, உரக்குழிக்குப் போய்விடும். அதன் விதை கொடிய நஞ்சு என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு அது வேண்டாம்.

இரண்டாவது வழி, மேலே கருகி மண்ணுக்குள் உயிரோடு இருக்கும் செடிகளை நம்புவது. இங்கேதான் மூசா பஸ்ஜூ வருகிறது, பலரின் முடிவும் இதைச் சுற்றியே நிற்கிறது. தென்சீனத்தைத் தாயகமாகக் கொண்ட இந்த வாழை மே மாதத்தில் வளரத் தொடங்கி, நீண்ட பகல்களைப் பயன்படுத்திக்கொண்டு, நல்ல உரமும் தண்ணீரும் கிடைத்தால் கோடையின் உச்சத்தில் வாரத்துக்கு ஓர் இலை என்ற அளவில் விரிக்கும். தழைச்சத்து மிகுந்த உரத்தை எவ்வளவு கொடுத்தாலும் தின்னும். பழத்துக்காக யாரும் இதை நடவேண்டாம். அபூர்வமாகக் குலை தள்ளினாலும் அது உண்ணத் தகுந்ததன்று. காற்றில்லாத மூலையில் வளரும் இலைகள் பொங்கல் நாளுக்கு உதவுமா என்று இங்குள்ள தமிழர்கள் கேட்பதுண்டு. ஜனவரி நடுவில் அந்த வாழையில் ஓர் இலைகூட இருக்காது என்பதே விடை. ஆடி, ஆவணி மாத விசேஷங்களுக்கு வேண்டுமானால் அறுத்துக்கொள்ளலாம்.

இந்த வாழையைப் பற்றி எடுக்க வேண்டிய உண்மையான முடிவு, தண்டைக் காப்பாற்றுவதா, விட்டுவிடுவதா என்பதே. காப்பாற்ற விரும்புகிறவர், முதல் உறைபனி இலைகளைக் கருக்கியதும் அவற்றை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றிக் கோழிக்கம்பி வலையைக் கூடுபோல் நிறுத்தி, உள்ளே உலர்ந்த வைக்கோலைத் திணித்து, மழைநீர் இறங்காதபடி மேலே மூட வேண்டும். பிளாஸ்டிக்கை நேரடியாகச் சுற்றினால் உள்ளே வியர்த்துத் தண்டு அழுகும். மார்ச் இறுதிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் இதைப் பிரித்தால், ஆள் உயரத் தண்டின் உச்சியிலிருந்து புதுக் குருத்து கிளம்பும். சில ஆண்டுகளில் மரம் மூன்று நான்கு மீட்டரை எட்டும். விட்டுவிடுகிறவர், தண்டைத் தரையோடு அறுத்து, அடியில் ஒரு முழத்துக்குக் குறையாமல் இலைமக்கையோ வைக்கோலையோ மூடாக்காகப் போட்டுவிட்டால் போதும். மே மாதத்தில் கிழங்கிலிருந்து பல கன்றுகள் எழும்பி, செப்டம்பருக்குள் ஏறத்தாழ ஆள் உயரம் வரும். முதல் முறையில் உயரம் கிடைக்கிறது. இரண்டாவதில் அரை நாள் வேலையும், ஐந்து மாதம் தோட்டத்தின் நடுவே நிற்கும் வைக்கோல் பொம்மையும் மிச்சமாகின்றன. சிறிய தோட்டத்துக்கு இரண்டாவதே போதும் என்பது என் எண்ணம். அறுக்கப்பட்ட வாழையின் புதர்போன்ற அடர்த்தி, வேலியை மறைப்பதற்கு ஒற்றைத் தண்டைவிட நன்றாகவே பயன்படுகிறது.

கிழக்கு சசெக்ஸின் கிரேட் டிக்ஸ்டர் தோட்டம் இவ்வழியின் சிறந்த காட்சியிடம். அங்கே எட்வின் லட்யன்ஸ், அதாவது புதுதில்லியின் தலைமைக் கட்டடக் கலைஞர்களில் ஒருவரான அதே லட்யன்ஸ், வடிவமைத்திருந்த ரோஜாத் தோட்டத்தை 1993இல் அதன் உரிமையாளர் கிறிஸ்டோபர் லாயிடும் தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் காரட்டும் பெயர்த்துவிட்டு, வாழையும் கல்வாழையும் டேலியாவுமாக மாற்றினார்கள். ஆங்கிலத் தோட்ட ரசிகர்கள் பலர் அதிர்ந்துபோனார்கள். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது செடிப் பட்டியலைவிட நேரக்கணக்கு: அந்தத் தோட்டம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் உச்சத்துக்கு வருகிறது, மே மாதத்தில் அதிகம் காட்டுவதில்லை. பயிற்சி பெற்ற தோட்டக்காரர்கள் இருக்கும் இடத்திலேயே இதுதான் நிலை.

வாழையோடு சேர்த்து நடக்கூடியவற்றில் கல்வாழை எளியது, பல நிறங்களில் கிடைப்பது. ஆனால் அதில் வைரஸ் நோய் பரவலாக இருப்பதால், இலையில் மஞ்சள் கோடுகளோ திட்டுகளோ தெரியும் செடியை எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்கக்கூடாது. இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹெடிகியம் அதைவிட நம்பகமானது. இமயமலைச் சரிவுகளிலிருந்து வந்த ஹெடிகியம் டென்சிஃப்ளோரம் வகையும், அதிலிருந்து 1938இல் ஃபிராங்க் கிங்டன்-வார்டு சேகரித்த அசாம் ஆரஞ்சு ரகமும், வடிகால் உள்ள மண்ணில் மூடாக்கின்கீழ் ஆண்டுதோறும் பிழைத்துவருகின்றன. சமையலுக்கு வாங்கும் சேம்புக் கிழங்கை நட்டாலும் கோடையில் அழகான இலை தரும். குளிருக்கு அதைத் தோண்டி எடுத்துவிட வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி, ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும் குளிர்தாங்கும் செடிகளைக்கொண்டே தோற்றத்தை உருவாக்குவது. இதில் ஆடம்பர நிறங்கள் குறைவு, உடனடி வியப்பும் குறைவு; ஆனால் ஜனவரியில் சன்னலைத் திறந்தால் தோட்டம் அங்கே இருக்கும். இதன் முதுகெலும்பு சூசான் பனை, தாவரப் பெயர் ட்ராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனை. தேயிலைச் செடிகளைச் சீனாவிலிருந்து இந்தியாவுக்குக் கடத்திய ராபர்ட் ஃபார்ச்சூன்தான் 1849இல் இந்தப் பனைகளையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று விக்டோரியா அரசியின் ஆஸ்போர்ன் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டது. இதற்கு எச்5 மதிப்பு. வேர்பிடித்த மரத்துக்குத் தெற்கு இங்கிலாந்தில் எந்தப் போர்வையும் தேவையில்லை. விசிறி இலைகள் பலத்த காற்றில் கிழிந்து தொங்கி அலங்கோலமாகிவிடுவது இதன் முக்கியக் குறை. காற்று வீசும் இடங்களுக்கு, சிறிய விறைப்பான இலைகளைக்கொண்ட வாக்னரியானஸ் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். மிதமான இடங்களில் இது விதை மூலம் தானாகவே பரவும் என்பதையும் சொல்ல வேண்டும்: சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநிலத்தில் காடுகளுக்குள் புகுந்துவிட்டதால், அந்நாடு 2024 முதல் இதன் விற்பனையையே தடைசெய்துள்ளது. அங்கே வாழும் வாசகர்களுக்கு இந்த வாய்ப்பு மூடப்பட்டுவிட்டது.

பனைக்குக் கீழே நிரப்ப ஃபாட்சியா ஜப்பானிகாவுக்கு இணை இல்லை. கையளவைவிடப் பெரிய, பளபளப்பான, விரல்விரலாகப் பிரிந்த இலைகள், ஆழ்ந்த நிழலையும் நகரத் தூசியையும் தாங்கும் உடல், எச்5 மதிப்பு. பிரிட்டனில் இது அலுவலக வாசல்களிலும் கார் நிறுத்துமிடங்களிலும் நடப்படும் சாதாரணச் செடியாகிவிட்டதால் பலர் இதை மதிப்பதில்லை. வாழையைவிட இதற்கே முதலிடம் தருவேன். மூங்கிலில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை உண்டு: ஃபார்கீசியா வகைகள் தூராகவே நிற்கும், ஃபிலோஸ்டாக்கிஸ் வகைகள் வேரோடி அடுத்த வீட்டுக்குள் முளைக்கும். கறுப்புத் தண்டுகளின் அழகுக்காக இரண்டாவதை நட்டே ஆக வேண்டுமென்றால் தொட்டியிலோ ஆழமான வேர்த்தடுப்புச் சுவருக்குள்ளோ நடவேண்டும். வேலிச் சண்டைகள் செடியைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. பெரிய சொரசொரப்பான இலைகள் உடைய லொக்காட் மரம் சுவரோரம் நன்றாக வரும். பழம் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

தோட்டக் கடைகளில் பனை என்று நினைத்து அதிகம் வாங்கப்படும் கார்டிலைன் ஆஸ்ட்ரேலிஸ், நியூசிலாந்தைச் சேர்ந்தது, பனையே அன்று. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையில் வரிசையாக நிற்கும் அவற்றைப் பார்த்துவிட்டுக் கடலிலிருந்து தள்ளிய உட்பகுதிகளில் நட்டவர்கள் பலர், 1910க்குப் பிந்தைய பிரிட்டன் பதிவுகளில் மிகக் குளிர்ந்த டிசம்பராக அமைந்த 2010 டிசம்பரில் அவற்றை இழந்தார்கள். சில மட்டும் அடியிலிருந்து மறுபடி துளிர்த்தன. சூசான் பனையின் இடத்தில் இதை வைப்பது பொருத்தமில்லாத சிக்கனம்.

மரப்பெரணி மேற்சொன்ன எந்த வகையிலும் அடங்குவதில்லை. டாஸ்மேனியாவிலும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் ஈரக்காடுகளில் வளரும் டிக்சோனியா அண்டார்டிகா, ஒரே செடியால் ஒரு மூலையின் தோற்றத்தையே மாற்றிவிடக்கூடியது. தண்டின் உயரத்தைப் பொறுத்தே விலை. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே வளர்வதால், உயரம் வேண்டுமானால் பணம்கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதன் தண்டு என்று நாம் பார்ப்பது பெரும்பகுதி வேர்த்தொகுதியே என்பதால், கோடையில் அடியில் ஊற்றுவதோடு நிற்காமல் தண்டையே நனைக்க வேண்டும். 2022 ஜூலையில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் வெப்பநிலை 40.3 டிகிரியைத் தொட்டது போன்ற கோடைகளில், தோட்டத்துக்குக் குழாய் வைத்து நீர் பாய்ச்சத் தடைவிதிக்கப்பட்டால் இந்தச் செடிக்குத் திண்டாட்டம்தான். குளிர்காலத்தில் அடுத்த ஆண்டுக்கான குருத்துகள் உச்சிக்குழியில் சுருண்டு காத்திருக்கும். அக்குழியில் வைக்கோலைத் திணித்து, பழைய மட்டைகளை அதன்மேல் மடித்துக் கட்டினால் மைனஸ் 5ஐ ஒட்டிய இரவுகளைக் கடந்துவிடும். நிழலும் ஈரமும் காற்றுத்தடுப்பும் இயல்பாகவே உள்ள தோட்டத்துக்கு இது அருமையான செடி. தெற்கு நோக்கிய வறண்ட வெயில் தோட்டத்துக்கு அந்தப் பணத்தில் இரண்டு பனைகள் வாங்குவது மேல்.

பெரிய இலைக்காக முன்பு எல்லோரும் தேடிய குன்னெராவை இனி எண்ண வேண்டியதில்லை. பிரிட்டனில் அந்தப் பெயரில் வளர்க்கப்பட்டவை தடைசெய்யப்பட்ட ஆக்கிரமிப்பு வகையின் கலப்பினம் என்று 2023இல் தெரியவந்ததால், விற்பதும் புதிதாக நடுவதும் சட்டவிரோதமாகிவிட்டன. பாலோனியா மரக்கன்றை நட்டு ஒவ்வொரு மார்ச்சிலும் அடியோடு வெட்டி, எழும் துளிர்களில் ஒன்றை மட்டும் விட்டால், ஒரே பருவத்தில் முறம் அளவு இலைகள் கிடைக்கும். செலவு மிகக் குறைவு, குளிரைப் பற்றிக் கவலையில்லை. இவ்வளவு எளிய உத்தி ஏன் இன்னும் பரவவில்லை என்பது எனக்கு வியப்பே.

இடம் மாறினால் இந்த வரிசையும் மாறும். கார்ன்வால் கடற்கரைப் பள்ளத்தாக்குகளில் மரப்பெரணிகள் நூறாண்டுக்கு மேல் நிற்கின்றன. ஸ்காட்லாந்தின் வடமேற்கில், 57 பாகைக்கும் வடக்கே, ஆஸ்குட் மெக்கன்சி 1862இல் தொடங்கிய இன்வெரு தோட்டமும் காற்றுத்தடுப்பு மரங்களை முதலில் வளர்த்ததால்தான் அயல்நாட்டுச் செடிகளைத் தாங்குகிறது. ஆனால் மிதமான கடற்கரை என்பதும் முழு உத்தரவாதமன்று. சில்லித் தீவுகளின் டிரெஸ்கோ அபே தோட்டம், உறைபனி அபூர்வம் என்ற நம்பிக்கையில் வளர்ந்த தோட்டம், 1987 ஜனவரியின் பனியில் தன் செடிகளில் பெரும்பகுதியை இழந்தது; 1990இல் வந்த புயல் காற்றுத்தடுப்பு மரங்களைச் சாய்த்தது. மறுபுறம், பர்மிங்காமைச் சுற்றிய உள்நாட்டுப் பகுதிகளிலும் ஸ்காட்லாந்தின் உட்பகுதிகளிலும் இருப்பவர்கள் மூன்றாவது வழியைத் தவிர மற்றவற்றை அலங்காரமாக மட்டுமே கருத வேண்டும்.

ஆக, தென்கிழக்கு இங்கிலாந்தில் ஐந்துக்குப் பத்து மீட்டர் அளவுள்ள, வார இறுதியில் மட்டும் கவனிக்க முடிகிற தோட்டத்துக்கு என் தேர்வு இது: இடத்தின் பெரும்பகுதி மூன்றாவது வழிக்கு, எஞ்சியது இரண்டாவதற்கு, முதலாவதற்கு ஒரே ஒரு தொட்டி. இரண்டு சூசான் பனைகளை, வீட்டிலிருந்து பார்க்கும்போது ஒன்று அருகிலும் ஒன்று தொலைவிலும் அமையுமாறு நட்டு, வேலியோரம் ஃபார்கீசியாவும் நிழலில் ஃபாட்சியாவும் வைத்தால் எலும்புக்கூடு அமைந்துவிடும். சுவரின் வெப்பம் படும் காற்றில்லாத மூலை வாழைக்கு, அதன் காலடி ஹெடிகியத்துக்கு. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த விகிதம் தலைகீழாகும். தொட்டியில் வளரக்கூடிய, குடிமாறும்போது கூடவே வரக்கூடிய சிறு பனையும் கல்வாழையும் அவர்களுக்கு ஏற்றவை. தொட்டியில் வேர் எளிதாக உறையும் என்பதால், உறைபனி இரவுகளில் தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துச் சாக்கு சுற்ற வேண்டும்.

நடும் காலத்தையும் இந்தப் பகுப்பே தீர்மானிக்கிறது. ஃபாட்சியாவையும் மூங்கிலையும் செப்டம்பரிலும் நடலாம், மண்ணில் இன்னும் சூடு இருக்கும். வாழை, ஹெடிகியம், பனை ஆகியவற்றை மே இறுதிக்குப் பிறகு, முதல் குளிருக்குள் வேரூன்ற முழுக் கோடை கிடைக்குமாறு நடவேண்டும். அக்டோபரில் பாதி விலைக்கு விற்கப்படும் வாழைக்கன்றுகளைக் கண்ணாடி இல்லத்துக்குள் வைத்துக் காக்க இடம் இருந்தால் மட்டுமே வாங்கலாம். பனையில் பெரிய மரத்துக்குப் பெருந்தொகை கொடுப்பதைவிட, இடுப்பளவுச் செடியை வாங்கி நன்றாக உரமிட்டால், வேர்பிடித்த இரண்டாம் ஆண்டுக்குப் பின் அது வேகம் பிடிக்கும். களிமண் தோட்டங்களில் குழிக்குள் மட்டும் மணலைக் கொட்டினால் அக்குழி நீர் தேங்கும் தொட்டியாகிவிடும் என்பதால், மண்ணைக் கூட்டி ஒரு சாண் மேடாக்கி அதன்மேல் நடுவதே பாதுகாப்பானது.